அகதிச் சிறுமி இராஜாங்கச் செயலாளரான பாதை: மெடலின் ஓல்பிரைட்

உயர்தர வகுப்பு - அரசியல் விஞ்ஞானம்
அலகு: பிரஜாவுரிமையும் அரச பதவியும் (விடய ஆய்வு)



பிரஜாவுரிமை பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது பலர் வரைவிலக்கணத்தை மட்டும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். வரைவிலக்கணத்துக்குக் கிடைப்பது ஓரிரு புள்ளிகளே. மிகுதிப் புள்ளிகள் உதாரணத்திலும் விளக்கத்திலுமே உள்ளன. எனவே ஒரே ஒரு வாழ்க்கையை எடுத்து, ஒருவர் நாடிழந்து, வேறொரு நாட்டில் குடியேறி, அங்கு பிரஜையாகி, இறுதியில் அந்நாட்டின் உயர் பதவியொன்றை வகிப்பதற்கு எந்தெந்தக் கதவுகள் திறக்கப்பட வேண்டியிருந்தன என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது பெண் இராஜாங்கச் செயலாளர் மெடலின் ஓல்பிரைட் (1937 - 2022) நமது உதாரணம்.

அகதி என்பவர் யார்?

முதலில் ஒரு தவறைத் திருத்திக்கொள்வோம். நமது ஊர்களில் போர்க்காலத்தில் வீட்டை விட்டு ஓடி, பாடசாலையிலோ கோயிலிலோ தங்கிய எல்லோரையும் "அகதி" என்றே அழைத்தோம். அந்த இடங்களுக்கு "அகதி முகாம்" என்றே பெயர். பேச்சு வழக்கில் அது பிழையல்ல. ஆனால் சர்வதேசச் சட்டத்தின்படி அவர்கள் அகதிகள் அல்லர். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் ஆவர். நானும் பாடசாலைக் காலத்தில் அப்படி இடம்பெயர்ந்தவன்தான். என் கொப்பியிலும் "அகதி" என்றே எழுதியிருந்தேன். பின்னர் பல்கலைக்கழகத்தில்தான் வேறுபாடு விளங்கியது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் அந்தஸ்து தொடர்பான சமவாயத்தின்படி, தனது இனம், சமயம், தேசியம், குறித்தவொரு சமூகக் குழுவில் உறுப்புரிமை, அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களுள் ஏதேனும் ஒன்றினால் துன்புறுத்தப்படலாம் என்ற தக்க ஆதாரமுள்ள அச்சம் காரணமாகத் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரும், அந்த நாட்டின் பாதுகாப்பைப் பெற முடியாதவரும் அல்லது பெற விரும்பாதவருமே அகதி ஆவார். இங்கே திறவுச்சொல் "நாட்டுக்கு வெளியே" என்பதாகும். எல்லையைக் கடந்தால் அகதி, கடக்காவிட்டால் இடம்பெயர்ந்தவர். விடையில் இந்த ஒரு சொற்றொடரைத் தவறவிட வேண்டாம்.

இச்சமவாயம் முதலில் 1951 ஜனவரி 1ஆம் திகதிக்கு முற்பட்ட நிகழ்வுகளால் அகதியானவர்களுக்கே ஏற்புடையதாக இருந்தது. இரண்டாம் உலகப் போரினால் வீடிழந்த ஐரோப்பியரை மனதில் வைத்தே அது எழுதப்பட்டது. 1967ஆம் ஆண்டின் நெறிமுறை அந்தக் கால எல்லையை நீக்கியது. ஐக்கிய அமெரிக்கா 1951 சமவாயத்தில் சேரவில்லை. 1968இல் நெறிமுறையை மட்டும் ஏற்றது. இலங்கை இரண்டிலும் சேரவில்லை. பல்தேர்வு வினாவுக்கு ஏற்ற தகவல் இது, குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது வெளியேற்றம்: பிராக்கிலிருந்து இலண்டனுக்கு

1937 மே 15ஆம் திகதி செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராக்கில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் மரியா யானா கோர்பெலோவா. தந்தை யோசப் கோர்பெல் அந்நாட்டின் இராஜதந்திரச் சேவையில் பணியாற்றியவர். அந்நேரம் செக்கோஸ்லோவாக்கியா மத்திய ஐரோப்பாவில் எஞ்சியிருந்த ஜனநாயக நாடு எனலாம்.

1938 செப்டெம்பரில் மியூனிக் உடன்படிக்கை கைச்சாத்தானது. பிரித்தானியா, பிரான்ஸ், இத்தாலி, ஜேர்மனி ஆகிய நான்கு நாடுகளும் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியான சுடெற்றன்லாந்தை ஹிட்லருக்குக் கொடுத்தன. அந்த மேசையில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு இருக்கை இருக்கவில்லை. (வரலாறு கற்கும் மாணவர்கள் இதனைச் சாந்தப்படுத்தும் கொள்கை என்ற தலைப்பின் கீழ் படித்திருப்பீர்கள்.) 1939 மார்ச் 15இல் ஜேர்மன் படைகள் பிராக்கினுள் நுழைந்தன. சுமார் 10 நாட்களுக்குள் கோர்பெல் தம்பதியினர் இரண்டு வயதுகூட நிரம்பாத மகளுடன், கையில் எடுக்கக்கூடிய சிறிய பெட்டிகளுடன் புகையிரதம் ஏறினர். பெல்கிரேட், கிரேக்கம் வழியாக இலண்டனை அடைந்தனர்.

இலண்டனில் ஜனாதிபதி பெனெஷின் தலைமையில் நாடுகடந்த செக்கோஸ்லோவாக்கிய அரசாங்கம் இயங்கியது. யோசப் கோர்பெல் அதன் வானொலி ஒலிபரப்புப் பணியைப் பொறுப்பேற்றார். ஜேர்மன் விமானங்கள் இரவிரவாகக் குண்டு வீசிய காலம் அது. குடும்பம் தாக்குதல் வேளைகளில் இரும்பு மேசையொன்றின் கீழ் படுத்துறங்கியது. பங்கருக்குள் படுத்தெழும்பிய தாய் தந்தையர் உங்களுக்கும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் இந்த மேசையின் பெறுமதி விளங்கும். அகதிச் சிறுவர் பற்றிய ஒரு திரைப்படத்தில் இச்சிறுமி நடித்ததும், அதற்குச் சம்பளமாக இளஞ்சிவப்பு நிறப் பொம்மை முயல் ஒன்று கிடைத்ததும் அவர் பிற்காலத்தில் சொல்லி மகிழ்ந்த செய்தி.

1941இல் பெற்றோர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். இதனை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இரண்டாவது வெளியேற்றம்

1945இல் போர் முடிந்ததும் குடும்பம் பிராக்குக்குத் திரும்பியது. தந்தை யூகோஸ்லாவியாவுக்கான தூதுவராக நியமனம் பெற்று பெல்கிரேட் சென்றார். மகள் பத்து வயதில் சுவிற்சர்லாந்தின் விடுதிப் பாடசாலையொன்றுக்கு அனுப்பப்பட்டார். பிரெஞ்சு மொழியையும் "மெடலின்" என்ற பெயரையும் பெற்றது அங்குதான்.

1948 பெப்ரவரியில் பொதுவுடைமைக் கட்சி செக்கோஸ்லோவாக்கியாவின் ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்த மாதம் வெளிநாட்டமைச்சர் யான் மசாரிக் தனது அமைச்சின் முற்றத்தில் இறந்து கிடந்தார். ஜனநாயகவாதியான கோர்பெலுக்கு இனி அந்நாட்டில் இடமில்லை என்பது தெளிவாயிற்று.

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. காஷ்மீர்ப் பிரச்சினையை ஆராய ஐக்கிய நாடுகள் சபை 1948இல் ஐந்து உறுப்பு நாடுகளைக் கொண்ட ஆணைக்குழுவொன்றை அமைத்தது. இந்தியா தன் சார்பில் தெரிவுசெய்த நாடு செக்கோஸ்லோவாக்கியா. அதன் பிரதிநிதியாக வந்தவர் யோசப் கோர்பெல். இந்தியா, பாகிஸ்தான் தொடர்பான அந்தப் பணியே ஒரு குடும்பம் அமெரிக்கா சேர்வதற்குப் பாலமாக அமைந்தது. பின்னர் அவர் காஷ்மீர் பற்றி எழுதிய நூல் 1954இல் வெளிவந்தது.

1948 நவம்பர் 11ஆம் திகதி தாயும் மூன்று பிள்ளைகளும் "அமெரிக்கா" என்ற பெயருடைய கப்பலில் நியூயோர்க் துறைமுகத்தை அடைந்தனர். மெடலினுக்கு 11 வயது. தந்தை அடுத்த மாதம் வந்து சேர்ந்தார். 1949இல் அவர் அரசியல் தஞ்சம் கோரினார். அதே ஆண்டு நடுப்பகுதியில் அது வழங்கப்பட்டது.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்தபோது அவர்கள் இராஜதந்திரியின் குடும்பமாகவே இறங்கினர், அகதிகளாக அல்ல. நாடு திரும்பினால் ஆபத்து என்று கோரிய பின்னரே சட்டத்தின் கண்ணில் தஞ்சம் பெற்றோராயினர். ஆகவே குடிவரவு என்பதும் அகதி அந்தஸ்து என்பதும் ஒன்றல்ல. குடிவரவு என்பது ஒரு நாட்டினுள் வாழ்வதற்காக நுழைவது. அது வேலைக்காகவோ, படிப்புக்காகவோ, குடும்பத்துடன் சேர்வதற்காகவோ இருக்கலாம். அகதி அந்தஸ்து என்பது திருப்பியனுப்பப்படாமல் இருப்பதற்கான பாதுகாப்பு. இந்த இரண்டையும் சேர்த்து எழுதும் விடைகளே அதிகம் வருகின்றன.

இன்னுமொன்று. மெடலின் நியூயோர்க்கில் இறங்கி நான்கே நாட்களில், அதாவது 1948 நவம்பர் 15இல், இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் அதன் மூலம் நாடற்றவராயினர். அதை நீங்கள் வேறு அலகில் விரிவாகப் படிக்கிறீர்கள். பிரஜாவுரிமைச் சட்டம் ஒருவரை உள்ளே எடுக்கவும் கூடும், வெளியே நிறுத்தவும் கூடும் என்று எழுத வேண்டிய இடத்தில் இந்த இரு திகதிகளையும் அருகருகே வைத்து எழுதலாம்.

டென்வர்: வதிவிலிருந்து பிரஜாவுரிமைக்கு

தந்தைக்கு ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் கொலராடோ மாநிலத்தின் டென்வர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. தூதுவராக மாளிகையில் இருந்தவர் வாடகை வீட்டுக்கு வந்தார். ஆனால் அவர் அங்கு 1964இல் சர்வதேசக் கற்கைகளுக்கான பட்டப்பின்படிப்புப் பீடமொன்றை உருவாக்கினார். பின்னாளில் அவரது மாணவியான கொண்டலீசா ரைஸ் 2005இல் இராஜாங்கச் செயலாளரானார். அதாவது அமெரிக்காவில் அப்பதவியை வகித்த முதலிரு பெண்களுள் ஒருவர் இந்த அகதிப் பேராசிரியரின் மகள், மற்றவர் மாணவி. ஓர் அகதியை ஏற்ற நாடு அவரால் என்ன பெற்றது என்று யாராவது கேட்டால், நான் வகுப்பில் முதலில் சொல்வது இந்த டென்வர் வகுப்பறையைத்தான்.

மெடலின் பாடசாலையில் சர்வதேச உறவுகள் கழகமொன்றை ஆரம்பித்து, அதற்குத் தானே முதற் தலைவியானார். (வீட்டில் தந்தையுடன் கதைப்பது முழுவதும் அதுதானே.) புலமைப்பரிசில் பெற்று 1955இல் வெல்ஸ்லி மகளிர் கல்லூரியில் சேர்ந்து அரசறிவியல் பயின்றார். 1957இல் அமெரிக்கப் பிரஜையானார். 1959இல் பட்டம் பெற்றார்.

பிறப்பினால் அன்றி, பின்னர் சட்டமுறைப்படி பெறும் பிரஜாவுரிமை இயற்கைமயமாக்கல் மூலமான பிரஜாவுரிமை எனப்படும். அமெரிக்காவில் இதற்குப் பொதுவாக நிரந்தர வதிவுரிமையுடன் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அடிப்படை அறிவு, அந்நாட்டு வரலாறு மற்றும் அரசாங்க முறை பற்றிய அறிவு, நன்னடத்தை ஆகியன சோதிக்கப்படும். இறுதியில் அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். இலங்கையில் பதிவுப் பிரஜாவுரிமை என நாம் கற்பது இதற்கு ஓரளவு ஒப்பானது. ஆனால் முழுமையாக ஒன்றல்ல. இலங்கைச் சட்டம் வம்சாவழியையே முதன்மையாகக் கொள்கிறது. அமெரிக்காவில் அந்த மண்ணில் பிறத்தலே பிரதான வழி. இரண்டையும் ஒன்றெனக் காட்டி எழுதினால் புள்ளி குறையும்.

1957க்கும் 1976க்கும் இடையில்

வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகளில் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். பிரஜையானார், பின்னர் செயலாளரானார் என்று. இடையில் 19 ஆண்டுகள் அவர் அரசியல் அலுவலகம் எதிலும் சம்பளம் பெறவில்லை. மாணவிகள் இதனைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

1959இல் பத்திரிகைக் குடும்பத்தைச் சேர்ந்த யோசப் ஓல்பிரைட்டை மணந்தார். தானும் பத்திரிகையாளராக வேண்டும் என்பதே அவரது எண்ணம். சிக்காகோவில் கணவர் ஒரு பத்திரிகையில் வேலைசெய்தபடியால் அதே பத்திரிகையில் மனைவிக்கு இடமில்லை, போட்டிப் பத்திரிகையிலும் சேரக் கூடாது, வேறு தொழில் பார் என்று ஆசிரியர் ஒருவர் அவரிடம் சொன்னார். அகதி என்பதற்காக மூடப்பட்ட கதவல்ல அது. பெண் என்பதற்காக மூடப்பட்டது. அவரும் அக்காலத்தில் அதைப் பெரிதாக எதிர்த்து நிற்கவில்லை. கலைக்களஞ்சியம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

1961இல் இரட்டைப் பெண் குழந்தைகள் மாதம் நிரம்பாமல் பிறந்தனர். குழந்தைகள் வைத்தியசாலையின் வெப்பப்பெட்டியில் இருந்த வாரங்களில், தாய் கையில் எடுக்கவும் அனுமதி இல்லாத நிலையில், மனதைத் திசைதிருப்ப ரஷ்ய மொழித் தீவிரப் பயிற்சி வகுப்பொன்றில் சேர்ந்தார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டப்பின்படிப்பு. மூன்று பிள்ளைகளுடன், அதிகாலையில் எழும்பி எழுதி, 1970களின் நடுப்பகுதியில் கலாநிதிப் பட்டத்தை முடித்தார். ஆய்வுத் தலைப்பு 1968ஆம் ஆண்டின் பிராக் வசந்தத்தில் செக்கோஸ்லோவாக்கியப் பத்திரிகையாளர்களின் பங்கு. விட்டு வந்த நாட்டின் மொழியை மறக்காமல் வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது.

பதவிக்கான படிகள்

1976இல் செனற்றர் எட்மண்ட் மஸ்கியின் அலுவலகத்தில் சட்டவாக்க உதவியாளராகச் சேர்ந்தார். வயது 39. அதற்கு முன் அவருக்காக நிதி சேகரிப்புக் கூட்டங்களைச் சம்பளமின்றி ஒழுங்குசெய்தவர் என்பதால்தான் அந்த வாய்ப்பு. 1978இல், கொலம்பியாவில் அவருக்குக் கற்பித்த பேராசிரியர் பிரெசின்ஸ்கி அவரைத் தேசிய பாதுகாப்புச் சபைக்கு அழைத்துக்கொண்டார். பிரெசின்ஸ்கி ஜனாதிபதி காட்டரின் பாதுகாப்பு ஆலோசகர், வார்சோவில் பிறந்தவர். மஸ்கியின் தந்தையும் போலந்திலிருந்து வந்தவர். குடியேறியோர் வழி வந்த இருவரின் கையால் குடியேறிய ஒருவர் மேலே வந்தார் என்பது தற்செயலாக இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

1982இல் ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அக்காலப்பகுதியில் திருமண வாழ்வும் முறிந்தது. 1984, 1988 ஜனாதிபதித் தேர்தல்களில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களுக்கு வெளிநாட்டுக் கொள்கை ஆலோசகராக இருந்தார். இரண்டு தேர்தலிலும் அவர் சார்ந்த பக்கம் தோற்றது. 1992இல் கிளின்டன் வென்றார். 1993இல் ஓல்பிரைட் ஐக்கிய நாடுகள் சபைக்கான அமெரிக்கத் தூதுவரானார். 180இற்கு மேற்பட்ட உறுப்பு நாடுகளில் ஏழு நாடுகளுக்கு மாத்திரமே அப்போது பெண் தூதுவர்கள் இருந்தனர். 45 ஆண்டுகளுக்கு முன் தந்தை ஐக்கிய நாடுகள் சபைப் பணியின் பேரில் வந்து சேர்ந்த நகரில் மகள் அச்சபையின் ஆசனத்தில் அமர்ந்தார்.

1996 டிசெம்பரில் கிளின்டன் அவரை இராஜாங்கச் செயலாளர் பதவிக்குப் பெயர் குறித்தார். 1997 ஜனவரி 22இல் செனற் சபை 99 வாக்குகளால் அதை அங்கீகரித்தது. எதிராக ஒரு வாக்கும் இல்லை. மறுநாள் பதவியேற்றார்.

இங்கே அரசியலமைப்புப் பாடத்தை இணைத்துக்கொள்ளுங்கள். இராஜாங்கச் செயலாளர் என்பது நமது வெளிநாட்டலுவல்கள் அமைச்சருக்கு ஒப்பான பதவி. ஆனால் இலங்கையில் அமைச்சராவதற்குப் பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் அதற்கு மாறாக, காங்கிரஸ் உறுப்பினராக இருக்கும் ஒருவர் அப்பதவியைக் கைவிட்டே செயலாளராக முடியும். வலுவேறாக்கத்தின் விளைவு இது. ஜனாதிபதி பெயர் குறிப்பார், செனற் சபை அங்கீகரிக்கும். ஓல்பிரைட் தன் வாழ்நாளில் எந்தத் தேர்தலிலும் வாக்குக் கேட்டவரல்லர். எனவே "மக்களால் தெரிவுசெய்யப்பட்ட அகதி" என்று அவரைப் பற்றி எழுதினால் அது பிழை.

தேர்தல் வழியாக வந்த உதாரணம் வேண்டுமாயின் ரொம் லன்ரோசைக் குறிப்பிடலாம். ஹங்கேரியில் நாசிகளின் யூத இன அழிப்பிலிருந்து தப்பியவர். 1947இல் மாணவராக அமெரிக்கா வந்து 1953இல் பிரஜையானார். 1980இல் கலிபோர்னியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவாகி 2008இல் இறக்கும்வரை உறுப்பினராக இருந்தார்.

திறக்காத கதவு

ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், இவ்வளவு தூரம் வந்தவர் ஏன் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கவில்லை?" நல்ல கேள்வி. நிற்க முடியாது என்பதே பதில்.

அமெரிக்க அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை, ஜனாதிபதியாக வருபவர் பிறப்பால் பிரஜையாக இருத்தல் வேண்டும் என்கிறது. அத்துடன் 35 வயதும் 14 ஆண்டு வதிவும் தேவை. பிரதிநிதிகள் சபைக்கு 25 வயதும் ஏழு ஆண்டுப் பிரஜாவுரிமையும் போதும். செனற் சபைக்கு 30 வயதும் ஒன்பது ஆண்டுப் பிரஜாவுரிமையும் வேண்டும். இவ்விரண்டிலும் பிறப்பு நிபந்தனை இல்லை. இராஜாங்கச் செயலாளருக்கு அரசியலமைப்பில் இத்தகைய நிபந்தனை எதுவும் விதிக்கப்படவில்லை.

சுவையான இடம் இதுதான். 1947ஆம் ஆண்டின் ஜனாதிபதி வாரிசுச் சட்டப்படி ஜனாதிபதிப் பதவி வெற்றிடமானால் உப ஜனாதிபதி, பிரதிநிதிகள் சபைச் சபாநாயகர், செனற்றின் தற்காலிகத் தலைவர், அடுத்து நான்காவதாக இராஜாங்கச் செயலாளர் என்ற ஒழுங்கு பின்பற்றப்படும். அந்த ஆசனத்தில் ஓல்பிரைட் இருந்த நான்கு ஆண்டுகளும் அவரைத் தாண்டி ஐந்தாமவரிடமே வரிசை சென்றிருக்கும். 1938இல் 15 வயதில் ஜேர்மனியிலிருந்து தப்பி வந்து, 1973 முதல் 1977 வரை அதே பதவியை வகித்த ஹென்றி கிசிஞ்சருக்கும் இதே நிலைதான். அகதியல்லாவிட்டாலும், ஒஸ்திரியாவில் பிறந்த நடிகர் ஆர்னோல்ட் சுவார்செனேகர் கலிபோர்னியாவின் ஆளுநராகலாம், ஜனாதிபதியாக முடியாது. நடிகரின் பெயரைச் சொன்னால் பின்வாங்கில் இருப்பவர்களும் இந்த உறுப்புரையை மறப்பதில்லை.

இந்நிபந்தனை நியாயமானதா என்பது விவாதத்துக்குரியது. 18ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டு அரச குடும்பத்தவர் எவரும் புதிய நாட்டின் தலைமையைப் பிடித்துவிடக் கூடாது என்ற அச்சம் அதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. அந்த அச்சம் போய் நெடுங்காலமாகிவிட்டது. 11 வயதில் வந்தவரின் விசுவாசத்தை 60 வயதிலும் சந்தேகிப்பது பொருத்தமற்றது என்பது என் கருத்து. உங்கள் கருத்து வேறாக இருந்தால் காரணம் காட்டி எழுதுங்கள். கருத்துக்காகப் புள்ளி வெட்டப்படமாட்டாது.

தாத்தா பாட்டியின் பெயர்கள்

பதவியேற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. 1997 பெப்ரவரியில் வோஷிங்ரன் போஸ்ட் பத்திரிகையாளர் மைக்கல் டொப்ஸ் ஓல்பிரைட்டின் குடும்பம் பற்றிய தகவல்களை வெளியிட்டார். அவரது பெற்றோர் யூதர்களாகப் பிறந்தவர்கள். தாத்தா பாட்டிகளில் மூவர் நாசிகளின் இன அழிப்பில் இறந்திருந்தனர். தந்தையின் தந்தை தெரேசின் முகாமில் இறந்தார்; தந்தையின் தாய் அவுஷ்விற்சில் கொல்லப்பட்டார்; தாயின் தாயும் தப்பவில்லை. கத்தோலிக்கராக வளர்க்கப்பட்ட மகளுக்குப் பெற்றோர் இதை ஒருபோதும் சொல்லவில்லை. கேட்பதற்கு அவர்கள் அப்போது உயிருடன் இல்லை.

இது முன்பே தெரியாதா என்று சிலர் சந்தேகித்தனர். அவர் தெரியாது என்றார். 1996இல் அவர் பிராக்கின் பின்காஸ் யூத ஆலயத்துக்குச் சென்றிருந்தார். அதன் சுவர்களில் கொல்லப்பட்ட 77,000இற்கு மேற்பட்ட யூதரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அன்று அவற்றுள் தன் உறவினரின் பெயரைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. 1997 ஜூலையில் மீண்டும் சென்று, தாத்தா பாட்டியின் பெயர்களைக் கண்டார்.

1939 மார்ச்சில் அந்தப் புகையிரதம் ஏறியதன் பொருள் இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. ஏறியவர்கள் உயிர் பிழைத்தனர். பிராக்கில் நின்ற முதியவர்கள் மீளவில்லை. "தக்க ஆதாரமுள்ள அச்சம்" என்று சமவாயத்தில் மனனம் செய்கிறீர்களே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மதிப்பீடு

கட்டுரை வினாவில் புகழுரை மட்டும் எழுதினால் அது மதிப்பீடு ஆகாது. எனவே மறுபக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

1994இல் ருவண்டாவில் சுமார் 8 இலட்சம் மக்கள் கொல்லப்பட்டபோது பாதுகாப்புச் சபையில் அமெரிக்கப் பிரதிநிதி இவரே. உலகம் தலையிடவில்லை. பிற்காலத்தில் அதைத் தன் பொதுவாழ்வின் பெரும் வருத்தமாகச் சொன்னார். 1996 மே மாதம் தொலைக்காட்சி நேர்காணலொன்றில், ஈராக் மீதான பொருளாதாரத் தடையால் ஐந்து இலட்சம் சிறுவர் இறந்ததாகச் சொல்லப்படுகிறதே, அந்த விலை தகுமா என்று கேட்கப்பட்டபோது, தகும் என்ற பொருளில் பதிலளித்தார். அந்த எண்ணிக்கை பின்னர் ஆய்வாளரால் மறுக்கப்பட்டது. ஆயினும் பதில் மறக்கப்படவில்லை. அவரும் அதற்காக மனம் வருந்தி எழுதினார். குண்டுவீச்சில் மேசைக்குக் கீழ் படுத்த சிறுமி அப்படிச் சொல்லலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டது சரியென்றே படுகிறது.

1999இல் கொசோவோ அல்பேனியர் இலட்சக்கணக்கில் விரட்டப்பட்டபோது நேட்டோ அமைப்பின் 78 நாள் விமானத் தாக்குதலுக்கு முன்னின்று வாதாடியவர் அவர். மியூனிக்கில் நடந்தது மீண்டும் நடக்கக் கூடாது என்பது அவரது வாதம். பாதுகாப்புச் சபையின் அனுமதியின்றி நடந்த தாக்குதல் என்பது எதிர்வாதம். குண்டு விழுந்த நகரங்களுள் பெல்கிரேட்டும் ஒன்று. சிறுவயதில் அவர் வாழ்ந்த நகரம் அது. அதே ஆண்டு மார்ச் 12இல் அவர் பிறந்த செக் நாடு, போலந்து, ஹங்கேரி ஆகியவற்றுடன் நேட்டோவில் இணைந்தபோது இணைவு ஆவணங்களைக் கையேற்றவரும் அவரே.

2001 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. 2012இல் ஜனாதிபதி ஒபாமா அவருக்குச் சுதந்திரத்துக்கான ஜனாதிபதிப் பதக்கத்தை அணிவித்தார். 2022 மார்ச் 23இல் 84 வயதில் காலமானார்.

2000 ஜூலை 4இல் புதிய பிரஜைகளுக்குச் சான்றிதழ் வழங்கும் வைபவமொன்றில் அவர் கலந்துகொண்டார். சான்றிதழை வாங்கிய ஒருவர், அகதியான தனக்கு இராஜாங்கச் செயலாளர் கையால் பிரஜாவுரிமை கிடைத்ததே என்று வியந்து சொல்லிக்கொண்டு போனார். ஓல்பிரைட் அவரிடம் சென்று, அகதி ஒருவர் இராஜாங்கச் செயலாளராக இருப்பதை நம்ப முடிகிறதா என்று திருப்பிக் கேட்டாராம்.

பயிற்சி வினாக்கள்

1. அகதி, உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர், குடியேறியவர் ஆகியோரை வேறுபடுத்துக. (முதலிருவருக்குமிடையில் எல்லையைக் கடத்தல், மூன்றாமவருக்கு நுழைவின் நோக்கம். இரண்டையும் உதாரணத்துடன் எழுதவும்.)

2. 1948 நவம்பரில் நியூயோர்க்கில் இறங்கிய கோர்பெல் குடும்பத்தினரின் சட்ட அந்தஸ்து 1957வரை எவ்வாறு மாறியது என விளக்குக. (இந்த வினாவுக்குத் திகதிகள் மிக முக்கியம்.)

3. "இயற்கைமயமாக்கல் மூலம் பிரஜையானவர் ஐக்கிய அமெரிக்காவில் முழுமையான அரசியல் உரிமையை அனுபவிக்கிறார்." இக்கூற்றுடன் நீர் உடன்படுகிறீரா? (ஆம் என்றோ இல்லை என்றோ மட்டும் எழுதிவிட வேண்டாம். காங்கிரஸ், அமைச்சரவை, ஜனாதிபதி ஆகிய மூன்று பதவிகளையும் தனித்தனியே எடுத்து, வாரிசு ஒழுங்கையும் சேர்த்து எழுதுக.)

4. அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் நியமனத்தையும் இலங்கை அமைச்சர் நியமனத்தையும் வலுவேறாக்கக் கோட்பாட்டின் அடிப்படையில் ஒப்பிடுக.

5. அகதியாக வாழ்ந்த அனுபவம் ஓல்பிரைட்டின் வெளிநாட்டுக் கொள்கையை எந்தளவுக்குத் தீர்மானித்தது? கொசோவோ, ருவண்டா, ஈராக் ஆகியவற்றைக் கொண்டு ஆராய்க. (கடினமான வினா. கொசோவோவை மட்டும் எழுதி முடிப்பவர்களே அதிகம். மற்ற இரண்டும் அந்த வாதத்துக்கு எதிராகச் செல்வதையும் காட்டுங்கள்.)

மூன்றாம், ஐந்தாம் வினாக்களுக்கு 35 நிமிடம் வீதம் கடிகாரத்தைப் பார்த்து எழுதி, அடுத்த வகுப்புக்கு வரும்போது கொண்டு வரவும்.